பதினெட்டு றாத்தல்

பேச்சியம்மாவுக்கு ஓட்டு இல்லை. 1947-இல் ஒரே ஒரு தடவை, இருபத்துமூன்றாவது வயதில், இலங்கை மலையகத்து வட்டகொடையில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டாள். அடுத்த ஆண்டு குடியுரிமைச் சட்டம் வந்தது. இந்த மண்ணில் பிறந்து இந்த மண்ணையே கொத்திக்கொண்டிருந்த லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். அவள் கிள்ளிய கொழுந்துக்கு மட்டும் நாடு இருந்தது. கப்பலேறும் தேயிலையில் றாத்தல் எடைக்கு இவ்வளவு என்று ஆராய்ச்சிக்காக ஒரு சிறு வரி பிடித்தார்கள். அந்தப் பணத்தை எந்த ஆராய்ச்சிக்குக் கொடுப்பது, எதை நிறுத்துவது என்று கொழும்பில் ஒரு குழு ஆண்டுதோறும் கூடி முடிவு செய்தது. 1957-இல் அந்தக் குழுவின் மேசைக்குப் போன எண்களில் ஒரு பகுதி, மேல்பாறைத் தோட்டத்து எட்டாம் மலையில் நின்று பேச்சியம்மா பென்சிலால் எழுதியவை.

அவை பொய் என்று குழு நினைத்தது.

அவள் கைக்குத் தராசு வந்ததே ஒரு சண்டையினால்தான். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கூடைக்கென்று இரண்டு றாத்தல் கழிப்பார். மழை பெய்தால் தண்ணீருக்கென்று மேலும் இரண்டு. பேச்சியம்மா மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். ஆனால் கூடையை இறக்கும்போதே அதன் எடையைச் சொல்லிவிடுவாள். 1956 தொடக்கத்தில் ஒருநாள் கணக்கப்பிள்ளை "பன்னெண்டு" என்று எழுதப் போனார். அவள் கூடையை நகரவிடாமல் பிடித்துக்கொண்டாள்.

"பதினாறு இருக்குங்க. கூடைக்கும் தண்ணிக்குமா நாலு கழிப்பீங்க? நான் கொழுந்து கொண்டாந்தேனா, கெணத்தக் கொண்டாந்தேனா?"

வரிசை சிரித்தது. சோதனைக்கு நிலம் பார்க்க வந்திருந்த ஆராய்ச்சி உத்தியோகத்தர் முத்துலிங்கம் அங்கே நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர். தன்னிடமிருந்த தராசில் அந்தக் கூடையை மாட்டிப் பார்த்தார். பதினைந்தே முக்கால். அடுத்த வாரமே, தன் சோதனைக்கு எடை நிறுத்து எழுத இந்தப் பெண்தான் வேண்டும் என்று தோட்டத் துரையிடம் கேட்டு வாங்கினார். தராசில் லட்சுமி குடியிருக்கிறாள், பொம்பளை தொடக்கூடாது என்று கணக்கப்பிள்ளை முறையிட்டார். லட்சுமி எப்போது ஆம்பளையானாள் என்று திருப்பிக் கேட்க அங்கே ஆளில்லை.

சோதனை இதுதான். இலையில் கொப்புளம் போட்டுக் கருக வைக்கும் ஒரு நோய் பத்தாண்டாக மலைநாட்டைத் தின்றுகொண்டிருந்தது. அதற்கு வாரந்தோறும் செம்பு மருந்து அடித்தார்கள். அடித்தவர்களில் ஒருவன் பேச்சியம்மாவின் கணவன் மாயாண்டி. மருந்துத் தகரத்தை முதுகில் சுமந்து மேடேறுவான். மாலையில் வரும்போது புருவமெல்லாம் நீலப்பச்சையாக இருக்கும். கண் மிளகாய் போல் சிவந்திருக்கும். நல்ல வெயில் அடித்தால் நோய் தானாகவே அடங்கும் என்று முத்துலிங்கம் கருதினார். வெயிலை அளந்து, அது குறைந்த வாரங்களில் மட்டும் மருந்தடித்தால் போதாதா? இதுதான் அவர் கேள்வி. கம்பத்தின் மேல் ஒரு கண்ணாடி உருண்டையை வைத்தார். வெயில் பட்டால் அது அடியிலிருந்த அட்டையைச் சுட்டு ஒரு கருங்கோடு போடும். கோட்டின் நீளம்தான் வெயிலின் நேரம்.

எட்டாம் மலையை இருபத்துநான்கு துண்டுகளாகப் பிரித்தார்கள். சிவப்பு முளை அடித்த எட்டில் வாரந்தோறும் மருந்து. மஞ்சள் முளை எட்டில் வெயில் குறைந்தால் மட்டும் மருந்து. வெள்ளை முளை எட்டில் மருந்தே கிடையாது. எந்தத் துண்டுக்கு எந்த முளை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார் முத்துலிங்கம். பாரபட்சம் நுழையக்கூடாது என்று அவ்வளவு கவனம். ஒரு துண்டுக்கு ஒரு பெண். எட்டு நாளுக்கு ஒருமுறை கொழுந்து பறிக்க வேண்டும். பேச்சியம்மா மத்தியானம் ஒரு தடவை, மாலை ஒரு தடவை நிறுத்துத் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்வாள். கொழும்புக்குப் போகும் படிவத்தில் மொத்தத்துக்கு மட்டுமே கட்டம் இருந்தது. ஆகவே கூட்டி மொத்தத்தை அனுப்பினாள்.

துண்டுக்குச் சீட்டுக் குலுக்கியவர் ஆளுக்குச் சீட்டுக் குலுக்க மறந்தார். அதை, ஆட்களுக்கு வேலை பிரித்துவிடும் மூக்கன் கங்காணி பார்த்துக்கொண்டார். அந்த வருடம் அவருடைய பேச்சைக் கேளாமல் தொழிற்சங்கத்தில் சேர்ந்த பெண்கள் எட்டுப் பேர். வெள்ளை முளையும் எட்டு. நோயடித்த செடியில் நாள் முழுவதும் குனிந்தாலும் பதின்மூன்று றாத்தல் தேறாது. தோட்டத்துச் சட்டப்படி பதினெட்டு றாத்தல் கொடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழுநாள் கூலி. ஒரு றாத்தல் குறைந்தாலும் அரைப் பேர். சோதனைத் துண்டானாலும் அதே சட்டம்தான்.

மலையிலிருந்து தராசுக்கு வரும் வழியில் மழைத்தண்ணீர் ஓடும் ஒரு பெரிய கான் உண்டு. அதைத் தாண்டுமுன் பெண்கள் கூடையை இறக்கி முற்றிய இலையைப் பொறுக்கி எறிவார்கள். யார் கூடை குறைந்திருக்கிறதோ அதில் மற்றவர்கள் ஆளுக்கொரு கை அள்ளிப் போடுவார்கள். காய்ச்சலில் வந்தவளுக்கு, பிள்ளை பெற்று வந்தவளுக்கு, அன்றைக்குக் கங்காணியின் வாயில் விழுந்தவளுக்கு. இதற்கு ஒரு பெயர் கிடையாது. நன்றி சொல்லும் வழக்கமும் கிடையாது. மாலையில்தான் இது நடக்கும். அப்போதுதான் யாருக்கு எவ்வளவு குறைகிறது என்று தெரியும். சிவப்பு, மஞ்சள் துண்டுக்காரிகள் இரண்டு மூன்று றாத்தலை விட்டுக்கொடுத்தார்கள். பதினெட்டுக்கு மேற்பட்ட றாத்தலுக்குக் கிடைக்கும் சதக் காசையும் அதோடு விட்டுக்கொடுத்தார்கள்.

பேச்சியம்மா கானுக்குக் கீழே தராசோடு நின்றாள். கூடையில் இருந்ததை நிறுத்தாள், நிறுத்ததை எழுதினாள். ஒரு கால் றாத்தல்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மேலே நடப்பது அவளுக்குத் தெரியாததல்ல. மூச்சு விடுவது தெரிவதைப் போலத் தெரியும். அதை யாராவது குறித்துவைப்பார்களா?

மருந்தே காணாத வெள்ளைத் துண்டு மற்றவற்றுக்குச் சமமாக எடை காட்டுவதை மூக்கன் கங்காணி கவனித்தார். மாரியம்மன் காவல் என்று அறிவித்து, பூசைக்கு வீட்டுக்கு வீடு வசூலிக்கவும் தொடங்கினார். எட்டுப் பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு 1957 ஆடி மாதம்வரை நீடித்தது.

அந்த மாதம் கொழும்பிலிருந்து ரணவீர என்ற அதிகாரி வந்தார். அவர் வேலை தேயிலை அல்ல, எண்கள். அரசுப் பணம் வாங்கும் ஒவ்வொரு ஆராய்ச்சியும் எவ்வளவு தின்றது, என்ன விளைத்தது என்று அட்டவணை போட்டுக் குழுவுக்கு எழுதுபவர். நல்ல வேலைதான். சிபாரிசுக் கடிதம் பார்த்துப் பணம் கொடுப்பதைவிட எண்ணைப் பார்த்துக் கொடுப்பது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் எண் வானத்திலிருந்து விழுவதில்லை. அதைக் கூலி வாங்கும் ஒரு கை கிள்ளுகிறது. இதை அவருக்கு எந்தக் கல்லூரியும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

காலை பதினொரு மணிக்குக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் அவர் இரண்டு தாள்களை விரித்தார். முதல் தாளில் சிவப்பு, மஞ்சள், வெள்ளை என மூன்று கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. இரண்டாவதில் வெள்ளைத் துண்டுகளின் எடைகள் மட்டும். ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். முத்துலிங்கம் அதைத் தமிழில் சொன்னார்.

"பேச்சியம்மா, இஞ்சை பாரும். பதினெட்டு, பதினெட்டரை, பதினெட்டு, பதினெட்டேகால். ஒண்டரை வருசமா ஒருநாள்கூடப் பதினெட்டுக்குக் கீழை இல்லை. மழையிலயும் இல்லை, பனியிலயும் இல்லை. செடி இப்பிடிக் கொழுந்து விடாதாம். நீர் லயத்து வீட்டுக்குள்ளை இருந்து எழுதினதாம்."

அவள் தாளைப் பார்த்தாள். பதினெட்டு. அந்த எண்ணைக் கண்டதும் கான் மேடும், கூடையில் விழும் கைகளும் கண்முன் வந்தன. அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்கியதைச் சொல்ல முடியவில்லை. ஐந்தடி தள்ளி மூக்கன் கங்காணி நின்றார்.

"நான் பொய்யி எழுதலைங்கய்யா," என்றாள். அவ்வளவுதான் வந்தது.

"அப்ப என்ன நடந்ததெண்டு சொல்லும். ரெண்டு மணிக்குத் துரை வாறார். அதுக்குள்ளை பதில் இல்லாட்டி இந்தச் சோதனைக்குப் பணம் இல்லையெண்டு இவர் எழுதிப் போடுவார். பிறகு நானுமில்லை, கண்ணாடி உருண்டையுமில்லை."

தேநீர் வேளையில் அவள் கான் மேட்டுக்கு ஏறினாள். இருபத்துநான்கு பேரும் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் சொல்லி முடித்ததும் முதலில் வாயைத் திறந்தவள் ராசம்மா. சிவப்புத் துண்டுக்காரி, நாக்கில் நெருப்பு வைத்திருப்பவள்.

"நீ என்னத்தச் சொல்லப் போற? ஒருத்தி கொழுந்த இன்னொருத்திக்குக் குடுக்கறது தோட்டத்துல களவு. இருபத்திநாலு பேருக்கும் பத்துச்சீட்டு குடுத்து வெரட்டிருவான். குடியிருக்கிற காம்பராவப் பூட்டிருவான். எங்க போறது, இந்தியாவுக்கா? அங்க எந்த ஸ்டேசன்ல எறங்கணும்னாச்சும் ஒனக்குத் தெரியுமாடி?"

"சொல்லலேன்னா பேச்சியக்கா பொய்க்காரியாயிருவா," என்றாள் நாகலெட்சுமி. வெள்ளைத் துண்டுக்காரி, எட்டுப் பேரில் முதலில் சங்கத்தில் சேர்ந்தவள்.

"ஆயிட்டுப் போறா. பொய்க்காரிக்கு லயத்துல எடம் இருக்குமில்ல?"

ஒருத்தி சிரித்தாள், பிறகு நிறுத்திக்கொண்டாள்.

"என்னையப் பத்தி விடு ராசம்மா," என்றாள் பேச்சியம்மா. "எங்க வீட்டுக்காரரு கண்ணப் பாத்திருக்க. ஒங்க அண்ணனும் தகரம் சொமக்கிறாரு, அவரு கண்ணையும் பாத்திருக்க. மஞ்ச முளை நெசமாவே செவப்பு முளைக்கு ஈடு குடுக்குதுன்னா, மருந்தடி பாதியாக் கொறையும். குடுக்குதா இல்லையான்னு இப்ப யாருக்குமே தெரியாது. நாம போட்ட கைப்பிடிக்குள்ள அது பொதஞ்சு கெடக்கு."

"தோண்டி எடுக்கப் போறியா?"

"எடுக்கலாம். மத்தியானம் நாம கை போடுறதில்ல. மத்தியான எடை எல்லாம் எம் புஸ்தகத்துல தனியா இருக்கு. அது நெசம். சாயங்கால எடை நாம செஞ்சது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா சின்னப் புள்ளைக்கும் வெளங்கிரும். அதான் பயமா இருக்கு."

 நாகலெட்சுமி கேட்டாள்: "எந்தத் துண்டுல யாருன்னும் எழுதியிருக்கியாக்கா?"

"இருக்கு."

"அப்ப குடுத்துரு. வெள்ளை முளையில ஒண்ணரை வருசமா அதே எட்டுப் பேருதான்னும் சேத்துக் காட்டு. ஆளப் பிரிச்சு விடுறது கங்காணியாரு வேலை. அவரு ஏன் ஆள மாத்தவேயில்லன்னு அவரே சொல்லட்டும்."

"நீ எட்டுல ஒருத்தி, ஒனக்கு வீராப்பு," என்றாள் ராசம்மா. "அள்ளிப் போட்ட பதினாறு பேரையும் கேட்டீங்களா?"

கேட்டார்கள். அரசாங்கம் ஓட்டைப் பிடுங்கியிருந்த பெண்கள் கான் மேட்டில் கை தூக்கினார்கள். பதினைந்து கைகள். ராசம்மா தூக்கவில்லை. கூடையைத் தூக்கித் தலையில் மாட்டிக்கொண்டு, "சரி, போயித் தொல. புஸ்தகத்த மட்டும் தொரை கையில குடுத்துராத. கிழிச்சு அடுப்புல போட்டுருவான்," என்றாள்.

இரண்டு மணிக்கு மழை தகரக் கூரையை அடித்துக்கொண்டிருந்தது. துரை நாற்காலியில் இருந்தார். தோட்டத்து வெள்ளைக்காரர் கற்றுக்கொள்ளும் தமிழில் ஏவல் மட்டுமே உண்டு.

"புஸ்தகம் இங்கே குடு."

கை நீண்டது. பேச்சியம்மா மடியிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். இரண்டு எட்டு வைத்து, நீட்டிய கையைக் கடந்து போய், ரணவீரவின் தாள்களின் மேல் அதை வைத்தாள். மூக்கன் கங்காணி "ஏய்!" என்றார். துரையின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு மடங்கியது.

"மத்தியானத்த ஒரு பக்கம் கூட்டச் சொல்லுங்கய்யா," என்று அவள் முத்துலிங்கத்திடம் சொன்னாள். "சாயங்காலத்த ஒரு பக்கம் கூட்டச் சொல்லுங்க."

ரணவீர கடைசிச் சில சுற்றுகளைக் கூட்டினார். அரை மணி நேரம் ஆயிற்று.  மத்தியான வரிசையில் சிவப்பு சராசரி பத்து. மஞ்சளும் ஏறக்குறைய பத்து. வெள்ளை ஆறு. மாலை வரிசையில் வெள்ளை பன்னிரண்டு. மற்ற இரண்டும் எட்டரை. அவர் பென்சிலை வைத்துவிட்டு, கடைத்தெருச் சிங்களத்தில் அவளுக்குப் புரியும்படி நேராகவே கேட்டார்: பதினெட்டில் என்ன இருக்கிறது?

"பதினெட்டு இல்லேன்னா அரைப் பேருங்க," என்றாள். முத்துலிங்கம் விளக்கினார். அப்புறம் கான் மேட்டைப் பற்றியும், அதே எட்டுப் பெயர்களைப் பற்றியும் அவளே சொன்னாள். 

துரை எழுந்தார். களவு என்றார். இருபத்துநான்கு பேருக்கும் நாளைக்கே பத்துச்சீட்டு, வேலைநீக்கம் என்றார். ரணவீர நாற்காலியை விட்டு எழாமல் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். முத்துலிங்கம் அதைப் பேச்சியம்மாவின் காதுக்கு மட்டும் எட்டும்படி மொழிபெயர்த்தார்: ஆளை விரட்டினால் சோதனை நின்றுபோகும். ஏன் நின்றது என்று குழுவுக்கு எழுத வேண்டும். சங்கத்தில் சேர்ந்தவர்களைப் பார்த்துப் பார்த்து நோய்த் துண்டில் நிறுத்தினார்கள் என்று தோட்டத்தின் பெயரோடு எழுத வேண்டும். எழுதட்டுமா?

 துரை மூக்கன் கங்காணியைப் பார்த்தார். கங்காணி தரையைப் பார்த்தார்.

பத்துச்சீட்டு வரவில்லை. அன்றைய பேரை இருபத்துநான்கு பேருக்கும் வெட்டிவிட்டுத் துரை ஜீப் ஏறினார். கோபத்துக்கு ஒரு கூலியாவது வேண்டுமல்லவா? ஆனால் அடுத்த சுற்றிலிருந்து சோதனைத் துண்டில் பறிப்பவர்களுக்கு எடை எதுவானாலும் முழுப் பேர் என்றாயிற்று. எந்தப் பெண் எந்தத் துண்டில் என்பதையும் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள். "அப்புறம் கங்காணிக்கு என்னங்க வேலை?" என்று மூக்கன் முத்துலிங்கத்திடம் கேட்டார். மாரியம்மனைக் கேட்கலாமே என்று வரிசையின் கடைசியிலிருந்து யாரோ சொன்னார்கள். குரல் ராசம்மாவுடையதைப் போல இருந்தது.

கைப்பிடி தேவைப்படாத மலையில் கோடுகள் பிரிந்தன. வெள்ளை கீழே விழுந்தது. மஞ்சள் சிவப்பை விடாமல் ஒட்டிக்கொண்டே போனது.

1959 பங்குனியில் முத்துலிங்கம் அச்சிட்ட அறிக்கை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு மலையேறி வந்தார். மாலை நிறுவை நேரம். சோதனைக்கு மேலும் நான்கு ஆண்டுக்குப் பணம் கிடைத்திருந்தது. அவரால் சந்தோஷத்தை அடக்க முடியவில்லை. நின்றபடியே வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னார். அந்த வேகத்தில் அடிக்குறிப்பையும் வாசித்துவிட்டார்: 1956, 57 மாலை நிறுவைகள், தொழிலாளரின் நேர்மையீனம் காரணமாகக் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

"அது என்னங்கய்யா, நேர்மையீனம்?"

"அது... அறிக்கையில எழுதிற ஒரு பாஷை."

"நமக்கு வெளங்கற மாதிரிச் சொல்லுங்க."

"கள்ளம் எண்டு சொல்லலாம்."

பேச்சியம்மா தராசின் கொக்கியைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டாள்.

"என்ன செய்யிறீர்?"

"நிறுவை இல்லீங்க. கள்ளி நிறுத்த எடை ஒங்களுக்கு எதுக்கு?"

"அதை நான் எழுதேல்லை, பேச்சியம்மா! குழு போட்டது. அச்சடிச்சாச்சு, நான் என்ன செய்ய?"

"நான் நிறுத்தது சரியா, தப்பா? அத மட்டும் சொல்லுங்கய்யா."

"சரிதான்."

"இவங்க செஞ்சது களவா?"

அவர் அறிக்கையை மடித்தார். இருபத்துநான்கு கூடைகள் வரிசையில் நின்றன. அழுத்தி வைத்த கொழுந்து புழுங்கத் தொடங்கினால் சிவக்கும். சிவந்தால் அந்தச் சுற்றின் எடை உதவாது. ஒரு சுற்று அறுந்தால் அதையும் கொழும்புக்கு எழுத வேண்டும். முத்துலிங்கம் ஒரு கூடைக்குள் கையை விட்டுப் பார்த்தார். சூடேறியிருந்தது. பெண்களைப் பார்த்தார். ஒருத்தியும் நகரவில்லை. ராசம்மா வெற்றிலையை மடித்து வாயில் போட்டாள்.

அவர் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். ரணவீரவுக்குக் கடிதம். எழுதியதைத் தமிழில் சொல்லச் சொன்னாள் பேச்சியம்மா.

"'அந்தப் பெண்கள் ஒருத்திக்கொருத்தி இரங்கிச் செய்தது...'"

"இரக்கம் வேணாங்கய்யா. அத அடிச்சிருங்க."

"வேறென்னத்தை எழுத?"

"பதினெட்டுன்னு எழுதுங்க. அதுக்குக் கீழ போனா பாதிக் கூலின்னு எழுதுங்க. படிக்கிறவன் புரிஞ்சுக்குவான்."

அவர் அடித்தார். எழுதினார். கையெழுத்தும் தேதியும் போட்டார். அவள் கொக்கியை மாட்டி, "ஒண்ணாம் துண்டு, வாங்க" என்று கூப்பிட்டாள்.

மூன்று மாதம் கழித்து, அறிக்கையின் எல்லாப் பிரதிகளிலும் அந்த அடிக்குறிப்பின் மேல் ஒரு சிறு தாளை ஒட்டினார்கள். அதில் இருந்தது இவ்வளவுதான்: "மாலை நிறுவைகள் சரியாகவே எடுக்கப்பட்டன. பதினெட்டு றாத்தலுக்குக் குறைந்தால் அரை நாள் கூலி என்ற விதி நடைமுறையில் இருந்தமையால், அவை செடியின் விளைச்சலைக் காட்டவில்லை."